இருபதுக்குப் பூஜ்யம்

ஆறு அணிகள், ஆளுக்குப் பத்து ஆட்டம்.
ஜெயித்தால் இரண்டு புள்ளி.
தோற்றால் ஒன்று,
வந்து நின்றதற்காக.
வராவிட்டால்தான் பூஜ்யம்.

தொண்ணூறாம் வருஷத்து வடாற்காடு லீக்.
கோட்டை அகழிக்கு எதிரே சிமெண்டுத் தளம்,
நான்கு கம்பத்தில் மஞ்சள் விளக்கு,
மேஜைக்குப் பின்னால் நான்.
பகலில் நகராட்சியில் வீட்டுவரி,
மாலையில் ஸ்கோர் ஷீட்.
இரண்டிலும் அடித்தல் திருத்தல் கூடாது.

முதலிடம் ஆம்பூர், பதினெட்டு.
காட்பாடி பதினேழு. வாணியம்பாடி பதினாறு.
கடைசியில் எங்கள் வேலூர்:
ஒன்பது தோல்வி, ஒரே வெற்றி,
அதுவும் குடியாத்தத்துக்காரர்கள் வந்த வேன்
பள்ளிகொண்டாவில் பஞ்சராகி
லாரியில் தொற்றி வந்த ஐந்து பேர் ஆடிய அன்று.

நடுவில்தான் சண்டை.
ராணிப்பேட்டை பதினாலு, குடியாத்தமும் பதினாலு.
அரையிறுதிக்கு ஒரே இடம்.
நேருக்கு நேர் மோதியதைக் கூட்டிப் பார்த்தோம்:
முதலில் ஐந்தில் தோற்று, பிறகு எட்டில் ஜெயித்து,
மூன்றே புள்ளியில் ராணிப்பேட்டை உள்ளே.

அந்த எட்டில் கடைசி இரண்டு
ஒன்பதாம் நம்பர் முனிரத்தினம் போட்ட ஃப்ரீ த்ரோ.
ஆட்டத்துக்கு முப்பது ரூபாய், ஜெயித்தால் பிரியாணி
என்று தோல் கம்பெனி பேசி வைத்திருந்த பையன்.
ஷிப்ட் முடித்து நேராக வருவான்.
"கையில என்னப்பா நாத்தம்?" என்பார் நடுவர் தயாளன்.
"பந்து மட்டும் என்ன சார், சந்தனத்துலயா செஞ்சது?"
முடிந்ததும் மேஜைக்கு வந்து
தன் பெயருக்கு நேரே விரல் வைத்துக் கூட்டுவான்.
"அக்கா, ஒண்ணு கொறையுது."
குறையாது.
இருந்தும் திரும்பக் கூட்டுவேன்.

மே பதினொன்று, அரையிறுதி.
ஆம்பூரின் ஐந்து பேர் கோட்டுக்குள்.
எதிர்ப்பக்கம் ஒரு கூடை, அதன் நிழல்.
விதி பதினைந்து நிமிஷம் தரும்.
ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

இல்லாததை எண்ணுவது எங்கள் ஊருக்குக் கைவந்த கலை.
தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை.
சாமி வந்து ஒன்பது வருஷமாகியும்
சாமியில்லாத கோயில் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.
கூட்டத்தில் ஒருவன் கத்தினான்:
"ஆளில்லாத டீமு!"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
குடியாத்தத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்கவில்லை.
"வராதவனுக்கு எதுக்குய்யா அந்த மூணு புள்ளி?"

பதினான்காவது நிமிஷம்
ஆம்பூர் கேப்டன் இம்தியாஸ் மேஜைக்கு வந்தார்.
"இன்னும் கொஞ்சம் பாக்கலாம் மேடம்.
அவங்க வராம இருக்கிற ஆளுங்க இல்ல."
வாட்சில் அதற்குப் பட்டன் கிடையாது.
விதிப்படி எழுதினேன்: 20-0.
குறிப்பு என்ற கட்டத்தில்
வரி நோட்டீஸில் எழுதும் அதே வார்த்தை:
ஆஜராகவில்லை.

விளக்கணைத்த பிறகுதான்
லாரிக்காரர் ஒருவர் வந்து சொன்னார்.
கழிவுத் தொட்டியில் இறங்கியவன் ஏறவில்லை.
அவனைத் தூக்க இறங்கியவனும்.
மூன்றாவதாக இறங்கியவன்
ஆட்டத்துக்குக் கிளம்பி நின்றவன்,
சட்டைக்குள் ஒன்பது போட்ட பனியன்.

இன்னொரு அரையிறுதி, காட்பாடி 61, வாணியம்பாடி 58.
இறுதியில் காட்பாடி 66, ஆம்பூர் 64.
கடைசி நிமிஷத்தில் இம்தியாஸ்
இரண்டு ஃப்ரீ த்ரோவையும் விட்டார்.
கோப்பை சைக்கிள் கேரியரில்
பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போயிற்று.

சீசன் கணக்கை முடிக்க உட்கார்ந்தேன்.
ஆம்பூர் பக்கம் உதைத்தது.
அணியின் மொத்தம் எழுநூற்று அறுபத்து நாலு.
ஆட்டக்காரர்களைத் தனித்தனியே கூட்டினால்
எழுநூற்று நாற்பத்து நாலு.
யாரும் போடாத இருபது.
யார் பெயரில் எழுதுவது?

ராணிப்பேட்டைப் பக்கம் உதைக்கவில்லை.
ஒன்பதாம் நம்பர், நூற்று நாற்பத்து மூன்று.
விரல் வைத்துத் திரும்பக் கூட்டினேன்.
ஒன்றும் குறையவில்லை.